முழு டிக்கெட் வாங்கும் பிள்ளைக்கு வாய் இல்லையா?

பங்குனி பாதி கழிந்ததும் காஞ்சிபுரத்தில் காலை நாளிதழைப் பிரித்தால் உள்ளிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் நழுவி விழும். 'சிங்கப்பூர் – மலேசியா, ஐந்து இரவு, ஆறு பகல், தென்னிந்திய சைவ உணவு, தமிழ் பேசும் வழிகாட்டி.' இதுவரை கடல் தாண்டாத குடும்பம், வீட்டில் ஏழாவதும் ஒன்பதாவதும் படிக்கிற பிள்ளைகள் என்றால், தெருவில் யாரைக் கேட்டாலும் யோசனை ஒன்றுதான். பேக்கேஜ்ல போங்க, எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. பசங்களுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருந்தா போதும். கோயில், மியூசியம்னா போரடிக்கும். அதைப் பாக்க காஞ்சிபுரத்தை விட்டு ஏன் போகணும்? எங்க போகலாம்னு பசங்களைக் கேக்காதீங்க, ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. கூடவே, எந்தக் குடும்பத்திலும் இருக்கிற எச்சரிக்கையான பெரியப்பா ஒருவர் சேர்த்துச் சொல்வார்: ப்ளஸ் டூ முடியட்டுமே, இப்ப என்ன அவசரம்?

இந்த யோசனைகளில் அக்கறை இருக்கிறது. ஆனால் ஒன்றுகூடத் தேறாது.

கட்டணத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உண்மை அங்கேதான் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. சர்வதேச விமானத்தில் 12 வயது நிறைந்தவர் பெரியவர், முழு டிக்கெட். பெரும்பாலான பேக்கேஜ்களிலும் அதே கணக்குதான். கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு 12 வயதுக்குக் கீழே இலவசம். 12 ஆகிவிட்டால் ஒரு நாள் சீட்டுக்கு 37 டாலர், அப்பாவுக்கு என்னவோ அதுவே பிள்ளைக்கும். ஆக, காசு வாங்குகிற இடத்தில் எல்லாம் எட்டாம் வகுப்புப் பையன் பெரிய மனிதன். எங்கே போவது, எத்தனை மணிக்கு எழுவது, எதைப் பார்க்காமல் விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவன் நாலாவது சூட்கேஸ்.

பிள்ளைகள் சலித்துக்கொள்வதற்குக் காரணம் கோயிலும் மியூசியமும் என்று நினைப்பது பெரிய பிழை. பேக்கேஜ் பயணத்தில் பதிமூன்று வயதுப் பெண் என்ன செய்கிறாள்? ஏழு மணிக்கு ஓட்டல் வாசல். நாற்பது பேர் ஏறும்வரை பேருந்தில் காத்திருப்பு. மெர்லயன் சிலை முன் இருபது நிமிடம், கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தை வெளியே நின்று ஒரு படம், அப்புறம் யாரும் கேட்காத சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம். நடுவில் சாம்பார் சாதம். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா கோபப்படுகிறார். வேறு எதைப் பார்ப்பது? அந்த ஆறு நாளில் அவள் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூட இல்லை.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் மீது யாருக்கும் பகை இல்லை. ஒரு நாள் தாராளமாகப் போகலாம், கத்தலாம், நனையலாம். அதற்காக மற்ற ஐந்து நாளையும் அடமானம் வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

'பசங்களுக்கு வரலாறு பிடிக்காது' என்பவர்கள் இலங்கையின் சிகிரியாவை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன், தந்தையைக் கொன்றுவிட்டு, தம்பி படையோடு திரும்பி வருவானோ என்ற பயத்தில் ஒரு தனிப்பாறையின் உச்சியில் கட்டிக்கொண்ட அரண்மனை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் 'கண்ணாடிச் சுவர்' ஒன்று உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து போன சுற்றுலாப் பயணிகள் அதில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே சுவரோவியத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்து மயங்கி எழுதிய கவிதைகள்தான் அதிகம். பரணவிதான என்ற கல்வெட்டறிஞர் அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் புத்தகமாகவே போட்டார். பெஞ்சில் பெயர் செதுக்கி வாத்தியாரிடம் அடி வாங்கிய பிள்ளைக்கு இதைவிடப் பிடிக்கிற வரலாறு எங்கே கிடைக்கும்? ஆனால் அதை அவனே படித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னால் அதுவும் போர்தான்.

'பசங்களுக்கு என்ன தெரியும்' என்ற வாதத்துக்கு வேறு எங்கும் போக வேண்டாம். காஞ்சிபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. வரதராஜப் பெருமாளுக்கும் காமாட்சிக்கும் இருக்கிற கூட்டம் அங்கே இருக்காது. கருவறையைச் சுற்றி, சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று; அதன் சுவர் நெடுக மணற்கல்லில் பல்லவர் கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மழையிலும் காற்றிலும் முகங்கள் தேய்ந்து, சில இடங்களில் யானை எது, ஆள் எது என்று உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு பகுதியில் சிற்பத்துக்குக் கீழேயே விளக்கம் பொறித்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் படக்கதை என்றே சொல்லலாம்.

அந்தக் கதை இதுதான். இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்ததும் காஞ்சிக்கு அரசன் இல்லை. பல்லவர் குலத்தின் வேறு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடி ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்ற கல்விக்கூடத்தாரும் நெடுந்தொலைவு போகிறார்கள். அவருக்கு நான்கு மகன்கள். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மூத்தவர்கள் மூவரும் மறுத்துவிடுகிறார்கள். கடைசி மகன் பல்லவமல்லன், நான் போகிறேன் என்கிறான். வயது பன்னிரண்டு. அப்பா தயங்குகிறார், இவ்வளவு சின்னப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்ற கவலை. உடனிருந்த பெரியவர் ஒருவர் தைரியம் சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்கிறார். மலையும் ஆறும் காடும் கடந்து அந்தச் சிறுவன் காஞ்சிக்கு வந்து, இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். அவன் புறப்பட்ட நாடு கம்போடியாவோ சம்பாவோ என்று ஊகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, பிள்ளைகளைக் கேட்டார்கள் என்பதை. நான்கு பேரையும் கேட்டார்கள், மூன்று பேர் 'மாட்டேன்' என்றதையும் ஏற்றுக்கொண்டார்கள். அதைக் கல்லில் வேறு வெட்டி வைத்தார்கள். அந்தக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பயணத்தைப் பற்றி ஒரு கருத்தும் இருக்காது என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அரச கதை நமக்கு எதற்கு என்பார்கள். சரி, நம் காலத்து நடுத்தரக் குடும்பம். சென்னைப் பையன் பிரக்ஞானந்தா இத்தாலியில் செஸ் ஆடி கிராண்ட்மாஸ்டர் ஆனது 2018 ஜூனில். அப்போது பதின்மூன்று நிறையவில்லை. அவரும் அக்கா வைஷாலியும் நாடு நாடாகப் போன ஆண்டுகளில் அம்மா நாகலட்சுமி மின்சார அடுப்பையும் அரிசியையும் ரசப்பொடியையும் கூடவே எடுத்துப் போனார் என்பது ஊரறிந்த செய்தி. 'சைவச் சாப்பாடு கிடைக்காது, அதனால் பேக்கேஜ்' என்று சொல்பவர்களுக்கு அந்த அடுப்பே பதில். செஸ் ஆடும் பிள்ளைகள் தனிப்பிறவிகள் என்று சொல்லலாம்; பலகை முன்னால் அப்படித்தான். விமான நிலையத்தில் எந்த வாசல், எத்தனை மணி, அடுத்த விமானத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்கத் தெரிந்தது விசேஷத் திறமை அல்ல. பழக்கம்.

இந்த ஊருக்கென்று சொல்ல வேண்டிய கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. ஒரு பக்கக் கரை நாடாவை நெசவாளர் கை எட்டாது. அதைத் தள்ளுவதற்குத் தறியின் ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. முன்பணம் வாங்கிய கடனுக்காகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பத்து வயதில் கரை பிசகாமல் நாடா தள்ளும் பொறுப்பு தாங்குவார்கள் என்று நம்பிய சமூகம் இது. அந்தக் கொடுமை பெருமளவு ஒழிந்தது பெரிய காரியம். ஆனால் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிய கையோடு, அவர்களிடம் எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது என்ற மறுகோடிக்கே போய்விட்டோம். பதினான்கு வயதுப் பையன் தன் பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்றால் வீடே பதறுகிறது.

அடுத்தது பாதுகாப்பு. பேக்கேஜ் என்றால் பத்திரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் பதில் வராது. நாற்பது பேர் கூட்டத்தில் பிள்ளை பின்தங்கிவிட்டால், தங்கியிருக்கும் ஓட்டலின் பெயர்கூட அதற்குத் தெரியாது. முகவரியை அது பார்த்ததே இல்லை. முன்பதிவு எல்லாம் மேலாளர் கையில். தானே வரைபடத்தில் ஓட்டலைத் தேடி, ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பார்த்து வைத்த பிள்ளை திரும்பி வந்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போலீசுக்கு 999, இலங்கையில் 119. இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990, இந்திய நிதியுதவியில் 2016இல் தொடங்கிய சேவை. இந்த எண்களைப் பிள்ளையே போனில் பதிந்து வைப்பதுதான் பாதுகாப்பு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டிய வேலை. அதை அப்பாவைவிட ஒன்பதாம் வகுப்புப் பெண் பிழையில்லாமல் முடிப்பாள். அப்பா பிறந்த தேதியை மாற்றிப் போட்டிருப்பார்.

பேக்கேஜில் செலவு குறையும் என்கிறார்களே? வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் வாங்கினால் அதன் மேல் டிசிஎஸ் வரி பிடிக்கிறார்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறியிருக்கிறதே தவிர, பிடிப்பு நிற்கவில்லை. அதைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாத சிறு வியாபாரிக்கோ நெசவாளருக்கோ அந்தப் பணம் போனது போனதுதான். விமான டிக்கெட்டைத் தனியாக, அறையைத் தனியாக நாமே எடுத்தால் இந்தப் பிடிப்பு இல்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான் போடுகிறார்கள். ஆனால் அதற்கு மட்டும் முகவரிடம் போனால் போதும், ஆறு நாளையும் அவரிடம் ஒப்படைக்கத் தேவையில்லை. இறங்கிய பிறகு சிங்கப்பூரைவிடச் சுலபமான ஊர் கிடையாது. தமிழ் அங்கே ஆட்சிமொழி. மெட்ரோ ரயிலில் ஏறினால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலுக்கும் போகலாம், சென்டோசாவுக்கும் போகலாம்.

முதல் பயணத்துக்கு இலங்கை என்று யாராவது வாயெடுத்தால் ஊர் சிரிக்கிறது. 'அதெல்லாம் ஃபாரினா?' என்ற கேள்வியில் இருப்பது வெறும் கௌரவம்; சமூக ஊடகத்தில் போடும் படத்துக்குப் பின்னால் உயரமான கட்டடம் வேண்டும் என்ற ஆசை. காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வெளிநாடு எது? ஏழாம் நூற்றாண்டில் அரியணையை இழந்த மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் அடைக்கலம் தேடி வந்தது காஞ்சிக்கு. பல்லவ அரசன் நரசிம்மவர்மனிடம் இருந்தான், அவனுக்காகச் சாளுக்கியரோடு போரிட்டான், பிறகு பல்லவர் கப்பற்படையோடு இரண்டுமுறை கடல் தாண்டி, இரண்டாம் முறை நாட்டை மீட்டான். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே நாலந்தா கெடிகே என்று சிறிய கல்கோயில் ஒன்று இருக்கிறது. பௌத்தர்களின் கோயில், ஆனால் மாமல்லபுரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தது போன்ற பல்லவ அமைப்பு. பின்னாளில் அணைக்கட்டு நீர் சூழும் என்று, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். கைலாசநாதர் கோயிலைச் சைக்கிளில் சுற்றி வளர்ந்த பிள்ளைக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தவுடனே பிடிபடும்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கப்பலா விமானமா என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் வீட்டில் ஒரு வாரத்துக்கு நல்ல சண்டை நடக்கும். அதுவும் பயணத்தில் சேர்ந்ததுதான். மே மாதம் கொழும்புப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். வடக்கும் கிழக்கும் வறண்டிருக்கும். ஆகவே திருகோணமலை. கோணேசர் கோயில், கடற்கரை, அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலம். வெசாக் பௌர்ணமி ஒத்து வந்தால் தெருவெல்லாம் விளக்குக் கூடுகள், போகிற வருகிறவர்களை நிறுத்தி இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்கள்.

இலங்கை வேண்டாம் என்று பிள்ளைகளே சொன்னால் ஜாவாவும் பாலியும் இருக்கின்றன. இங்கே கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே மழை ஓய்ந்து நல்ல பருவம் தொடங்குகிறது. பிரம்பானான் கோயிலின் திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டியம் ஆடும் மாதங்களும் அவைதாம். பாலியில் தெங்கானான் என்ற கிராமத்தில் கெரின்சிங் துணி நெய்கிறார்கள்; பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்து, தறியில் இரண்டும் சேரும்போது உருவம் விழும்படி செய்யும் வேலை. ஒரு துணி முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த பெண் அங்கே நிற்கும்போது சுற்றுலாப் பயணியாக நிற்க மாட்டாள். ஊடை எப்படி விலகாமல் இருக்கிறது என்று கேட்பாள். அந்தக் கேள்வி எந்தப் பேக்கேஜ் பட்டியலிலும் வராது.

பேக்கேஜுக்கு நியாயமே இல்லையா? எழுபது வயதுப் பாட்டி கூட வருகிறார், முழங்கால் வலி, வேளைக்கு மாத்திரை என்றால் பேருந்து வாசலுக்கே வருவது பெரிய உதவி, மறுக்க முடியாது. அதேபோல் பிள்ளைகளிடம் பொறுப்பு கொடுப்பது என்றால் கடிவாளத்தையே கொடுப்பதல்ல. மொத்தச் செலவு எவ்வளவு, எந்தத் தேதி, இருட்டிய பிறகு எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்ப வேண்டும் என்பது பெரியவர்கள் முடிவு. அதற்குள்ளே ஒரு முழு நாள் பெரியவளுடையது, ஒரு முழு நாள் சின்னவனுடையது. அந்த நாளுக்கான போக்குவரத்து, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அவர்கள் கணக்கு. நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். இந்தோனேசியாவில் விசாவுக்கே ஐந்து லட்சம் ரூபியா. அத்தனை பூஜ்யத்தை ரூபாயாக மாற்றி, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற சின்னவனுக்கு விகிதமும் விழுக்காடும் யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டாம். தவறு செய்வார்கள். மூடியிருக்கிற மியூசியம் வாசலில் குடும்பமே நிற்கும். நிற்கட்டும்.

கடைசியாக அந்தப் பெரியப்பா. ப்ளஸ் டூ முடியட்டும் என்கிறார். ஒன்பதாவது முடிந்த கோடையிலேயே பல பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. அப்புறம் பொதுத்தேர்வு, நீட், பயிற்சி வகுப்பு. அதெல்லாம் முடிந்த பிறகு பிள்ளை கல்லூரி விடுதியில் இருக்கும். ஊர் சுற்ற நண்பர்கள் இருப்பார்கள், அம்மா அப்பாவோடு வர நேரம் இருக்காது. ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் இருக்கிற மூன்று கோடைகள்தான் கையில் இருப்பவை. அவற்றிலும் ஒன்றிரண்டு வாரம் போய்விடும்: வைகாசி முகூர்த்தத்தில் பட்டுக்கடைக்காரர் கல்லாவை விட்டு நகர முடியாது, வரதர் கோயில் கருட சேவை அன்று ஊரில் இல்லாமல் இருக்க எந்தக் காஞ்சிபுரத்துப் பாட்டியும் சம்மதிக்க மாட்டார். ஆகவே சித்திரையின் கடைசி இரண்டு வாரம்தான் வசதி. 15 வயதுக்குக் கீழே பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். பயண நாளில் அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். தாம்பரத்தில் முன்பதிவு, பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழி, பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து சரியாக இருக்கிறதா என்ற பழைய தலைவலி, எல்லாம் சேர்த்தால் அரையாண்டு விடுமுறையிலேயே உட்கார்ந்து முடித்துவிட வேண்டிய வேலை. படிவத்தை நிரப்புவதையும் பெரியவளிடமே விடலாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தால் போதும்.